நூறத்தனை கிடைத்ததாமே, தகப்பன் எங்கே?

தராசுமுள்:
நேற்று இங்கே ஒரு சகோதரர் சாட்சி எழுதியிருந்தார். கிறிஸ்தவனாக வாழ்ந்ததில் தனக்கு ஒரு நஷ்டமும் இல்லையாம், விட்டதெல்லாம் நூறத்தனையாக, அதாவது நூறு மடங்காகத் திரும்பி வந்துவிட்டதாம். ஆதாரம் மாற்கு 10:30, தமக்காக விட்டவனுக்கு நூறத்தனை கிடைக்கும் என்று இயேசு சொன்ன வசனம். கீழே வரிசையாக ஆமென். ஐயா, முந்தின வசனத்தையும் சேர்த்துப் படித்தீர்களா? 29-ல் விட்டவற்றின் பட்டியல்: வீடு, சகோதரர், சகோதரிகள், தகப்பன், தாய், மனைவி, பிள்ளைகள், நிலங்கள். 30-ல் கிடைப்பவை: வீடுகள், சகோதரர், சகோதரிகள், தாய்கள், பிள்ளைகள், நிலங்கள். தகப்பன் எங்கே? போகும்போது இருந்தவர் வரும்போது இல்லை. மனைவியும் இல்லை, அது போகட்டும்.

நூறத்தனை_சாட்சி:
பிரதர், ஸ்தோத்திரம். நான் எழுதியது என் அனுபவம், அதோடு வாதம் பண்ண முடியாது. ஊழியத்துக்காக வேலையை விட்டேன், இருந்த ஒரே வீட்டை விற்றேன். இன்று எந்த ஊருக்குப் போனாலும் "நம்ம வீட்டில்தான் தங்கணும்" என்று இழுக்கிறார்கள். நூறு வீடு தாண்டிவிட்டது. எழுத்தை எண்ணுகிறவர்களுக்கு ஆசீர்வாதம் கண்ணில் படாது.

தராசுமுள்:
எழுத்தை எண்ணவில்லை, தகப்பனை எண்ணினேன். ஒருவர்கூட வரவில்லை. அப்புறம் அதே வசனத்தில் "துன்பங்களோடேகூட" என்று ஒரு சொல் இருக்கிறது. உங்கள் சாட்சியில் அது எங்கே விழுந்துபோனது?

வெளியே நிற்பவன்:
நான் விசுவாசி இல்லை, சும்மா ஒரு சந்தேகம். அதற்கு முன் 28-ல் "எல்லாவற்றையும் விட்டோமே" என்று பேச்சை ஆரம்பித்ததே சீடர் பேதுருதானே? மாற்கு 1-ல் வலையை விட்டுவிட்டுக் கிளம்பியவர், அதே அதிகாரத்தில் சொந்த வீட்டில் இருக்கிறார், மாமியார் காய்ச்சலில் படுத்திருக்கிறார். 1 கொரிந்தியர் 9:5-ல் மனைவியோடு பயணம் வேறு. விட்டது வலை மட்டும்தானா?

பழைய மறைக்கல்வி:
கத்தோலிக்கர் நாங்கள் படிக்கிற பொது மொழிபெயர்ப்பில் 29-ஆம் வசனத்தில் மனைவியே கிடையாது. மிகப் பழைய கிரேக்கக் கைப்பிரதிகளிலும் அந்தச் சொல் இல்லை. எங்களுக்கு "இவற்றோடு கூட இன்னல்களையும்" என்று இருக்கிறது. அதாவது இன்னலும் கிடைக்கும் பொருள்களில் ஒன்று. தராசுமுள் அவர்களுக்குப் பதில் மத்தேயு 23:9. விண்ணகத் தந்தை ஒருவரே, அதனால்தான் தந்தை பட்டியலில் வரவில்லை.

நூறத்தனை_சாட்சி:
பூமியில் ஒருவனையும் பிதா என்று சொல்லாதிருங்கள் என்ற வசனத்தை நீங்களா எடுப்பது? உங்கள் குருவானவரை என்னவென்று கூப்பிடுகிறீர்கள்?

பழைய மறைக்கல்வி:
இது எப்போது வரும் என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன். 1 கொரிந்தியர் 4:15-ல் பவுல் தன்னையே தகப்பன் என்கிறார், அவரிடம் போய்க் கேளுங்கள். உங்கள் சபைகளில் பாஸ்டரை "ஆவிக்குரிய தகப்பன்" என்பது மட்டும் வேதத்துக்கு ஒத்ததா?

நூறத்தனை_சாட்சி:
அது வேறு, இது வேறு.

பழைய மறைக்கல்வி:
எப்படி வேறு?

தராசுமுள்:
குருவானவரை யார் எப்படிக் கூப்பிட்டால் என்ன? நான் கேட்டது என் அப்பாவை. ஞானஸ்நானம் எடுத்த நாளிலிருந்து பதினோரு வருடமாக அவர் என்னோடு பேசுவதில்லை. ஞாயிறு சாயங்காலம் போன் செய்வேன். அவர்தான் எடுப்பார். என் குரல் கேட்டதும் ரிசீவரை மேசையில் வைக்கிற சத்தம், அப்புறம் செருப்பு தேய்ந்து தேய்ந்து தூரமாகப் போகிற சத்தம். கொஞ்ச நேரம் கழித்து அம்மா வருவார். எனக்கு ஆபரேஷன் நடந்தபோது சபையிலிருந்து மூன்று அம்மாக்கள் முறை வைத்து இராத்திரி உட்கார்ந்தார்கள். ரோமர் 16:13-ல் ரூபுவின் அம்மா தனக்கும் அம்மா என்று பவுல் எழுதியது எதற்கென்று அன்றைக்குத்தான் புரிந்தது. ஆக, தாய்கள் கிடைத்தார்கள், இல்லையென்று சொல்லவே மாட்டேன். தகப்பன்?

மார்த்தாளின் தங்கை:
அண்ணா, எல்லோரும் வீடு, நிலம் என்று பெரிய இழப்பாகவே பேசுகிறீர்கள். என் பணத்தை வாங்கித் திருப்பித் தராதவர் ஞாயிறுதோறும் எனக்கு முன் வரிசையில் உட்காருகிறார். பாட்டுப் புத்தகத்தை மறந்துவிட்டுத் திரும்பிப் பார்ப்பார். என்னுடையதைத்தான் நீட்டுகிறேன். இயேசு மன்னிக்கச் சொன்னது ஏழெழுபதுதரம் என்றால் 490. எண்ணக் கூடாது என்று தெரியும், ஆனாலும் எண்ணுகிறேன். பலன் என்னவென்றால் இராத்திரி தூக்கம் வருகிறது. சில இராத்திரி.

நூறத்தனை_சாட்சி:
சிஸ்டர், மன்னித்துவிடுங்கள். எல்லாவற்றையும் இழந்த யோபுவுக்குக் கொடுத்ததுபோல் கர்த்தர் இரட்டிப்பாகத் தருவார்.

தராசுமுள்:
யோபுவா? வாருங்கள். ஆடு 7000 போய் 14000 வந்தது. ஒட்டகம் 3000 போய் 6000. பிள்ளைகள்? பத்துப் பேர் செத்தார்கள், பத்துப் பேர் பிறந்தார்கள். அங்கே இரட்டிப்பைக் காணோமே. செத்த பத்துப் பேரைப் புதிய பத்துப் பேரால் சரிக்கட்டிவிட்டதாக யோபு எங்கே சொன்னார்? மிருகத்துக்குத்தான் உங்கள் கணக்கு ஒத்துவருகிறது.

பழைய மறைக்கல்வி:
இரட்டிப்பு இல்லாததற்கு ஒரு விளக்கம் உண்டு. முதல் பத்துப் பேரும் கடவுளிடம் இருக்கிறார்கள், கூட்டினால் இருபது.

தராசுமுள்:
அப்படியானால் செத்த ஒட்டகங்களையும் கூட்டுங்கள்.

வெளியே நிற்பவன்:
ஹிட்லரை எதிர்த்த ஜெர்மன் போதகர் போன்ஹோஃபர் 1939-ல் நியூயார்க்கில் பத்திரமாக இருந்தவர். சில வாரங்களிலேயே ஜெர்மனிக்குத் திரும்பினார். 1945 ஏப்ரல் 9-ல் தூக்கில் போட்டார்கள். 39 வயது, கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அவருடைய நூறு மடங்கு எந்தக் கணக்கில் வரும்?

நூறத்தனை_சாட்சி:
மறுமையில்.

தராசுமுள்:
வசனம் "இப்பொழுது இம்மையிலே" என்கிறது. உங்களுக்கு வீடு கிடைத்தால் இம்மை, அவர் செத்தால் மறுமை. நல்ல வசதி.

நூறத்தனை_சாட்சி:
உங்களுக்குக் கசப்பின் ஆவி இருக்கிறது பிரதர். ஜெபிக்கிறேன். போன வருடம் தசமபாகத்தைப் பற்றி நான் எழுதியபோதும் நீங்கள்தான் வந்தீர்கள், மறக்கவில்லை.

தராசுமுள்:
நானும் மறக்கவில்லை. அன்றைக்கும் நீங்கள் பதில் சொல்லவில்லை. "ஜெபிக்கிறேன்" என்றுதான் முடித்தீர்கள்.

மார்த்தாளின் தங்கை:
அண்ணா, கோபித்துக்கொள்ளாதீர்கள். போனில் அப்பா ரிசீவரை வைப்பதற்கு முன்னால் அவரிடம் நீங்கள் ஏதாவது பேசியிருக்கிறீர்களா? இல்லை, "அம்மாவைக் கூப்பிடுங்கள்" மட்டும்தானா?

தராசுமுள்:
அது இங்கே பேச்சு இல்லை, தங்கச்சி. 30-ஆம் வசனத்தில் தகப்பன் உண்டா இல்லையா, அதைச் சொல்லுங்கள்.

பழைய மறைக்கல்வி:
"ஆவிக்குரிய தகப்பன்" எப்படி வேறு என்று சகோதரர் இன்னும் சொல்லவில்லை. காத்திருக்கிறேன்.

நூறத்தனை_சாட்சி:
மத்தேயு 19:29-ஐப் பாருங்கள். அங்கே "துன்பங்களோடேகூட" என்ற சொல்லே இல்லை. நூறத்தனை மட்டும்தான்.

தராசுமுள்:
அங்கே திரும்பக் கிடைப்பவற்றுக்குப் பட்டியலே இல்லையே, ஐயா. தகப்பனை எங்கே தேடுவது?