பிரெஞ்சா ஸ்பானிஷா? முடிவு செய்துவிட்டேன் (புதுப்பிப்பு)

எந்த மொழி படிக்கலாம் என்று போன மாதம் இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. ஸ்பானிஷ்தான்!

பாட்டி புதுச்சேரிக்காரர் என்பதால் மனம் முதலில் பிரெஞ்சுப் பக்கமே சாய்ந்தது. ஆனால் அதில் பல சொற்களின் கடைசி எழுத்து வாயில் வருவதே இல்லை. 80 என்பதற்கு ‘நாலு இருபது’ என்கிறார்கள். ஸ்பானிஷில் பெரும்பாலும் எழுதியபடியே படிக்கலாம். ‘மஞானா’ என்றால் நாளை. நம் ஞகரம் அப்படியே வருகிறது, அவ்வளவு சந்தோஷம்! ‘பெரோ’ என்றால் ஆனால். நாக்கை உருட்டி ‘பெர்ரோ’ என்றால் நாய். சிங்கப்பூரில் ஈசூனிலிருந்து வேலைக்குப் போகும்போது எம்ஆர்டி ரயிலில் இதைத்தான் முணுமுணுக்கிறேன்.

அப்புறம், சனிக்கிழமை வகுப்பில் சேர்ந்துவிட்டேன். கூடப் பேசிப் பழக யாராவது இருந்தால் சொல்லுங்கள்.