எத்தனாலில் தண்ணீர் போவது ஈ1-ஆ, ஈ2-ஆ?

செம்பனைக்காரன்:
சுங்கை சிப்புட்டில் என் தங்கை போகும் டியூஷனில், எத்தனாலை அடர் கந்தக அமிலத்தோடு 170 பாகைக்குச் சூடாக்கி எத்தீன் எடுப்பதற்கு ஈ1 (இரண்டு படியில் நடக்கும் நீக்க வினை) படம் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். முதலில் தண்ணீர் கழன்று கார்போகேட்டயான் (கார்பனில் நேர்மின்சுமை உள்ள அயனி) வருமாம், அப்புறம் புரோட்டான் போகுமாம். எஸ்டிபிஎம் (மலேசிய ஆறாம் படிவத் தேர்வு) எழுதப்போகிற பிள்ளைக்கு இப்படியா சொல்லித் தருவது? முதன்மை கார்போகேட்டயான், அதாவது சுமை உள்ள கார்பன் ஒரே ஒரு கார்பனோடு மட்டும் இணைந்தது, கரைசலில் தாக்குப்பிடிக்காது. இது ஈ2, தண்ணீரும் புரோட்டானும் ஒரே படியில் சேர்ந்தே போகும்.

லயத்து வாத்தியார்:
தம்பி, ரொம்ப அவசரப்படாதீங்க. ஈ2-க்கு வலுவான காரம் வேண்டும், அடர் அமிலத்துக்குள் அது எங்கே இருக்கிறது? பியூட்டன்-1-ஆலை இதே மாதிரி சூடாக்கினால் பியூட்-2-ஈன்தான் கூடுதலாக வரும். கேட்டயான் உண்டாகி ஹைட்ரைடு (எலக்ட்ரான் இணையோடு நகரும் ஹைட்ரஜன்) நகராமல் இரட்டைப் பிணைப்பு நடுவுக்கு எப்படிப் போனதாம்?

செம்பனைக்காரன்:
வாத்தியாரே, புரோட்டான் ஏறிய பிறகு வெளியேறுவது வெறும் தண்ணீர், அது சுலபமாகக் கழலும், அதனால் எதிரே இன்னொரு எத்தனாலோ தண்ணீரோ பைசல்பேட்டோ (கந்தக அமிலம் ஒரு புரோட்டானை விட்ட பின் மிஞ்சும் அயனி) இருந்தாலே போதும், சோடியம் ஈத்தாக்சைடு மாதிரி வலுவான காரம் கேட்காது. பியூட்-2-ஈன் கதையும் அப்படித்தான். ஈ2-வில் முதலில் வந்த பியூட்-1-ஈன் அந்தச் சூட்டிலே மறுபடி புரோட்டான் வாங்கி இரண்டாம் கார்பனில் கேட்டயானாகி, மூன்றாம் கார்பனில் புரோட்டானை விட்டால் பியூட்-2-ஈன். கடைசியில் குடுவையில் இருப்பதை வைத்து முதல் படியைத் தீர்மானிக்க முடியாது.

லயத்து வாத்தியார்:
சரி, 2-மெத்தில்புரோப்பன்-2-ஆலுக்கு 20 விழுக்காடு அமிலமும் 85 பாகையும் போதும், பியூட்டன்-2-ஆலுக்கு 60 விழுக்காடு, 100 பாகை, எத்தனாலுக்கு 95 விழுக்காடு, 170 பாகை. இந்த வரிசை கேட்டயான் நிலைப்புத்தன்மை வரிசையேதானே?

செம்பனைக்காரன்:
முதல் இரண்டுக்கும் ஈ1 என்றால் நான் வாயே திறக்க மாட்டேன். எத்தனாலை இப்படி வாட்டி எடுக்க வேண்டியிருக்கிறதே, அந்த வழி அங்கே அடைபட்டுக் கிடக்கிறது என்றுதானே அர்த்தம்?

லயத்து வாத்தியார்:
தண்ணீர் கழலும்போதே ஹைட்ரைடும் நகரலாம், அப்போது முதன்மை கேட்டயானே தேவையில்லை. பியூட்டன்-1-ஆலில் அதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். எத்தனாலுக்கு உங்கள் படமே இருக்கட்டும்.

ஆறாம்படிவத்தாள்:
அண்ணே, தோட்டத்தில் பால் உறைய ஊற்றுவோமே பார்மிக் ஆசிட், அதிலும் அடர் கந்தக அமிலம் தண்ணீரைப் பிடுங்குமாமே, அது எந்த வகை?

செம்பனைக்காரன்:
அதில் வருவது கார்பன் மோனாக்சைடு, மணமே இல்லாத விஷ வாயு, வீட்டில் தொட்டுவிடாதே தங்கச்சி. இருப்பதே ஒரு கார்பன், ஹைட்ரஜனும் ஓஎச்சும் அதிலிருந்துதான் போகும், அது ஆல்ஃபா நீக்கம், ஈ1 ஈ2 சண்டைக்குள் இழுக்க வேண்டாம்.