வேலைத்தளத்தில் லாரி மோதி மரணம்: டிரைவர் மட்டும்தான் பொறுப்பா?

கேள்வி:
கட்டுமான வேலை நடந்த இடத்தில் டிப்பர் லாரி ரிவர்ஸ் வந்து மோதியதில் அண்ணன் இறந்துவிட்டார். சைகை காட்ட ஆளே இல்லை. ஒப்பந்ததாரர் டிரைவர்மேல் பழியைப் போட்டுக் கை கழுவுகிறார்.

பதில் 1:
ரொம்ப வருத்தமாக இருக்கிறது. டிரைவரோடு இது முடியாது. வண்டிப் பாதையையும் ஆட்கள் நடக்கும் பாதையையும் பிரித்து வைப்பது, சைகைக்கு ஆள் நிறுத்துவது எல்லாம் தளத்தை நடத்துபவரின் கடமை, அதில் தவறினால் அவர்மேலும் வழக்கு வரலாம். பல நாடுகளில், வேலை நேரத்தில் ஊழியர் செய்த தவறுக்கு முதலாளியும் இழப்பீடு தர வேண்டும்.

பதில் 2:
கிரிமினல் வழக்கு வேறு, இழப்பீட்டு வழக்கு வேறு. இரண்டாவதில் அவ்வளவு கறாரான நிரூபணம் தேவையில்லை, டிரைவர் விடுதலையானாலும் தளராதீர்கள்.

பதில் 3:
கேமரா பதிவு, வண்டிப் பராமரிப்புப் பதிவேடு இரண்டையும் அழிக்கக் கூடாது என்று ஒப்பந்ததாரர் தரப்புக்கு வக்கீல் மூலம் இன்றே நோட்டீஸ் அனுப்புங்கள். அப்புறம், அவர்கள் நீட்டும் எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள்.