அமெரிக்க அரசு ஷட்டவுனில் நின்றுபோன விபத்து வழக்குகள்: உங்கள் அனுபவம் என்ன?

எடிசன் மருமகள்
என் மாமியாரின் வழக்கு. 2016-ல் அவர் சாலையைக் கடக்கும்போது ஒரு ஃபெடரல் அலுவலகத்தின் வேன் இடித்து இடுப்பெலும்பு முறிந்தது. அந்த அலுவலகத்துக்கு நஷ்ட ஈட்டு ஃபார்ம் கொடுத்து, ஆறு மாதம் காத்திருந்து, அப்புறம் கேஸ் போட்டு, 2019 ஜனவரியில் டெபாசிஷன், அதாவது விசாரணைக்கு முன் எதிர்த்தரப்பு வக்கீல் சத்தியம் வாங்கிக் கேள்வி கேட்பது. அதற்காகவே தஞ்சாவூரிலிருந்து மறுபடியும் வந்தார். 2018 டிசம்பர் 22-லேயே ஷட்டவுன், அதாவது பட்ஜெட் நிறைவேறாமல் அரசு அலுவலகங்களை மூடுவது, தொடங்கிவிட்டது, ஆனால் அதற்குள் முடிந்துவிடும் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள்.

அன்று காலை புடவை கட்டி, விபூதி இட்டு, வாக்கரைப் பிடித்தபடி வாசலில் நிற்கிறார். வக்கீலிடமிருந்து போன். அரசு வக்கீலுக்கு வேலை செய்ய அனுமதி இல்லை, நீதிபதி ஸ்டே கொடுத்துவிட்டார். நான் விளக்கியதும் மாமியார் கேட்டார்: "இடிச்சவங்களே கடைய மூடிட்டா நான் யாருகிட்டம்மா கேக்கறது?" அந்த வாரக் கடைசியில் அவருக்கு ரிட்டர்ன் டிக்கெட். அந்தக் கேள்விக்கு இன்றும் என்னிடம் பதில் இல்லை.

டல்லாஸ்காரன்
வருத்தமாக இருக்கிறது. ஆனால் ஷட்டவுன் என்றால் எல்லா வழக்கும் நிற்கும் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அதே ஜனவரியில் எனக்கும் ஃபெடரல் கோர்ட்டில் கேஸ் இருந்தது, எதிராளி ஒரு தனியார் லாரி கம்பெனி. ஒரு தேதிகூட மாறவில்லை. கோர்ட்டுகள் கையிருப்புக் கட்டணப் பணத்தை வைத்து ஓடின. எதிராளி அரசாக இருந்தால்தான் சிக்கல்.

சான் டியேகோ அம்மா
@டல்லாஸ்காரன் அது 2019 கதை. 2025 ஷட்டவுனில் அந்தக் கையிருப்பு அக்டோபர் 17 வரைதான் வந்தது. அதன்பின் கோர்ட் ஊழியர்களிலேயே சிலர் வீட்டில், சிலர் சம்பளமில்லாமல் வேலையில்.

என் பிரசவத்தில் ராணுவ மருத்துவமனையில் நடந்த தவறு பற்றிய வழக்கு எங்களுடையது. அரசு வக்கீல் ஸ்டே கேட்டார், எங்கள் நீதிபதி மறுத்துவிட்டார். மகளுக்குச் சிகிச்சை காத்திருக்காது என்று உத்தரவிலேயே எழுதினார். அந்த வரியை என் கணவர் சத்தமாக வாசித்தார், பாதியில் குரல் நின்றுவிட்டது. எடிசன் அக்காவுக்கு அந்த நீதிபதி கிடைத்திருக்கலாம்.

பழைய பாராலீகல்
கேஸ் போடாதவர்கள் கவனிக்க வேண்டியது வேறு. ஃபெடரல் டார்ட் கிளெய்ம்ஸ் சட்டப்படி (அரசு ஊழியரின் தவறுக்காக ஃபெடரல் அரசிடம் நஷ்ட ஈடு கேட்க வழி செய்யும் சட்டம்) எஸ்.எஃப். 95 என்ற நஷ்ட ஈட்டு ஃபார்ம் இரண்டு வருடத்துக்குள் அந்த அலுவலகத்தின் கையில் சேர வேண்டும். தபாலில் போட்ட தேதி கணக்கில் வராது. அலுவலகம் பூட்டியிருந்தது என்பதை நம்பி ஒரு நாள்கூடத் தள்ளாதீர்கள், ஷட்டவுனுக்காகச் சட்டம் கெடுவை நீட்டுவதில்லை. ஃபார்மில் நஷ்ட ஈட்டுத் தொகையை ஒரே எண்ணாக எழுதுங்கள். "பின்னர் தெரிவிக்கப்படும்" என்று எழுதி மொத்த கிளெய்மும் போன குடும்பத்தைப் பார்த்திருக்கிறேன். மறுப்புக் கடிதம் வந்தால், அதை அவர்கள் தபாலில் அனுப்பிய தேதியிலிருந்து ஆறு மாதத்துக்குள் கேஸ். இந்த வழக்கில் ஜூரி கிடையாது, நீதிபதி மட்டும்தான். ஸ்டே மனு வந்தால் உங்கள் வக்கீலைச் சும்மா இருக்க விடாதீர்கள்: சாட்சியின் வயது, விசா, டிக்கெட் தேதி எல்லாம் எதிர்மனுவில் ஏற வேண்டும். எடிசன் சகோதரி, மாமியாரை வீடியோவில் விசாரித்திருக்கலாமே?

எடிசன் மருமகள்
வீடியோவுக்கு இரு தரப்பும் சம்மதிக்க வேண்டும், இல்லையென்றால் நீதிபதி உத்தரவு வேண்டும். சம்மதம் சொல்ல வேண்டியவரே வேலையில் இல்லை, கேஸும் ஸ்டேயில். எங்கள் வக்கீல் டிக்கெட் தேதியை எழுதித்தான் எதிர்த்தார். ஜனவரி 25-ல் அரசு திறந்த பிறகு வீடியோவுக்கு ஒத்துக்கொண்டார்கள். தஞ்சாவூரில் அப்போது இரவு. உட்கார்ந்தே பதில் சொன்னதால், அவர் எப்படி நடக்கிறார் என்பதை அந்த அரசு வக்கீல் கடைசிவரை நேரில் பார்க்கவே இல்லை.