ரீசார்ஜ் செய்யும் பென்சில் செல்கள்: எதை வாங்குவது?

நண்பர்களுக்கு வணக்கம். அப்பாவின் இரத்த அழுத்தம் பார்க்கும் கருவி நான்கு ஏஏ செல்களில் இயங்குகிறது. நாள்தோறும் இருமுறை பார்ப்பதால் அல்கலைன் செல்கள் வாங்கி மாளவில்லை என்று, சென்ற ஆண்டு நான்கு நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல்களையும் அவற்றுடன் வந்த மலிவான சார்ஜரையும் வாங்கினேன். இப்போது கைப்பட்டையில் காற்று ஏறிக்கொண்டிருக்கும்போதே திரை மங்கி, கருவி நின்றுவிடுகிறது.

மல்டிமீட்டரில் அளந்தபோது மூன்று செல்கள் 1.28 வோல்ட் காட்ட, நான்காவது 1.05-ஐத் தாண்டவில்லை. இவ்வகைச் செல்களின் இயல்பே 1.2 வோல்ட்தான் என்பதால் அல்கலைன் செல்களின் 1.5-ஐ நான் எதிர்பார்க்கவில்லை. ஆனால் இந்தச் சார்ஜர் இரண்டிரண்டு செல்களாகவே ஏற்றுகிறது, நிரம்பியதும் தானாக நிறுத்துவதும் இல்லை. (இரவு முழுவதும் செருகிவிட்டுத் தூங்கியது என் தவறுதான், காலையில் தொட்டால் கை சுட்டது.)

ஒவ்வொரு செல்லையும் தனித்தனியே கண்காணிக்கும் சார்ஜர் வாங்க முடிவுசெய்துவிட்டேன். செல்களில்தான் குழப்பம். 2,600 எம்.ஏ.எச். (செல் எவ்வளவு மின்சாரம் தேக்கும் என்பதன் அளவு) கொண்டவை பெரும்பாலும் சும்மா கிடக்கும்போதே மின்னிழக்கின்றன; 2,000 அளவில் கிடைக்கும், எளிதில் தானாக இறங்காத வகையோ ஓராண்டு வைத்திருந்தாலும் பெரும்பகுதியைக் காத்துக்கொள்கிறது. தினமும் சில நிமிடங்களே இயங்கும் கருவிக்குப் பின்னதே பொருந்தும் என்று நினைக்கிறேன். இத்தகைய கருவியில் இவற்றைப் பயன்படுத்துவோர் எத்தனை நாளுக்கொருமுறை சார்ஜ் செய்கிறீர்கள்? பழையவற்றோடு புதியதைக் கலக்கக்கூடாது என்பதால், மீந்த மூன்றையும் ஒற்றைச் செல்லில் ஓடும் சுவர்க்கடிகாரங்களுக்கு ஒதுக்கலாமா? கெட்டுப்போன செல்லைக் குப்பையில் எறியாமல் சென்னையில் எங்கே கொடுக்கலாம்?