மேட்டுல வீடு, ரோட்டுல கார்: அலாரத்துக்கு எத்தன மீட்டர் ரேஞ்ச் வேணும்?

நோர்வூட் பக்கம்:
எங்க வீட்டுக்கும் காருக்கும் நடுவுல 78 படி. வீடு மேல, தோட்டத்து லயத்துக்குப் பக்கத்துல. கார் கீழ மஸ்கெலியா ரோட்டோரம். கராஜ் கட்ட இடமே இல்ல. 2020ல இலங்கையில வாகன இறக்குமதிய நிப்பாட்டின பிறகு பழைய ஆல்டோவுக்குக் கூட என்ன விலை வந்துச்சுனு தெரியும்தானே. 2025ல திரும்ப விட்டும் நம்ம கைக்கு எட்டுற மாதிரி இல்ல. இருக்கிறத காப்பாத்தத்தான் வேணும். ஒரு நாள் விடியக்காலை இறங்கிப் பாத்தா சைட் மிரர் ரெண்டையும் காணோம். அன்னைக்கே அலாரம் வாங்க ரவுனுக்குப் போயிட்டேன்.

முதல்ல மாட்டினது ஒருவழி ரிமோட், மலிவானது. நாம அமத்தினா கார் கேக்கும், காருக்கு ஒண்ணு நடந்தா சைரன் மட்டும் கத்தும். ஜூன் மாசத்து மழை தகரத்துல கொட்டுற நேரம் பக்கத்துல இருக்கிற ஆள் பேசுறதே கேக்காது. இதுல 78 படிக்குக் கீழ கத்துறதா கேக்கப் போகுது? ஆறு மாசத்துல கழட்டிட்டு இருவழி செட் ஒண்ணு போட்டேன். சைரன் அடிச்சா கையில இருக்கிற ரிமோட்டும் அதிரும் (பேஜர்னு சொல்றது அதைத்தான்), அதோட திரையில கதவா, பொனட்டா, தட்டினதானு படம் காட்டும்.

பெட்டியில 1000 மீட்டர்னு போட்டிருந்துச்சு. அது வெட்டவெளியில, நடுவுல ஒண்ணும் மறைக்காம இருந்தா. எனக்கு நேரா பாத்தா 60 மீட்டர் கூட வராது, ஆனா நடுவுல ஒரு மண்மேடு. முன் வாசல்ல எடுத்துச்சு, குசினியில செத்துப் போச்சு. எல்லாரும் பனிமூட்டத்தைத்தான் குத்தம் சொன்னாங்க. இந்த ரிமோட்டுகள் பெரும்பாலும் 433 மெகாஹேர்ட்ஸ்ல வேலை செய்யுது, அந்த அலைக்கு பனி ஒரு பொருட்டே இல்ல. மண்ணும், கொங்கிரீட்டும், நனைஞ்ச மரமும்தான் அலையைத் தின்னும். என்னோடதுல இன்னொரு கோளாறும் இருந்துச்சு. வயரிங் பாஸ் அன்டெனாவ டேஷ்போர்டுக்கு அடியில, இரும்போட ஒட்டி வச்சிருந்தாரு. அத முன் கண்ணாடிக்கு மேல் ஓரமா ஏத்தின பிறகு குசினியிலயும் எடுக்குது.

ஹட்டன்:
அண்ணே, ரேஞ்ச் சரி. சிவனொளிபாதமலை சீசன்ல என்ன செய்வீங்க? மார்கழிப் போயாவுல இருந்து வெசாக் வரைக்கும் நல்லதண்ணி போற பஸ் ராத்திரி முழுக்க எங்க வாசல் வழியாத்தான். ஹோர்ன் அடிச்சா போதும், அதிர்வு சென்சர் முழிச்சிக்கும். முதல் கிழமை ஒரே ராத்திரியில 7 தடவ எந்திரிச்சேன். எட்டாவது தடவைக்கு வீட்டுக்காரி பேஜர அரிசி வாளிக்குள்ள போட்டு மூடிட்டா!

சென்சர்ல சின்ன ஸ்க்ரூ ஒண்ணு இருக்கும். அத கால் சுத்து கால் சுத்தா குறைச்சு, ஒவ்வொரு தடவையும் முன் கண்ணாடிக்குப் பக்கத்துல இருக்கிற தூணுல கையால தட்டிப் பாக்கணும். ரொம்பக் குறைச்சா மிரர்காரன் சத்தமில்லாம கழட்டிட்டுப் போயிருவான். நான் இப்ப மெல்லத் தட்டினா ஒரு சின்ன பீப், பலமா தட்டினா முழுச் சைரன்னு வச்சிருக்கேன். பஸ்ஸுக்கு சின்ன பீப்தான். அதுக்குப் பழகியாச்சு.

பண்டாரவளை:
நான் சிம் போடுற வகைய எடுத்தேன், போனுக்கே கோல் வரும், தூரக் கணக்கே இல்ல. ஆனா கார் நிக்கிற பள்ளத்துல சிக்னல் ஒரு கோடு வந்தா பெரிய விசயம். வாங்க முதல் போன அந்த இடத்துலயே பிடிச்சு ஒரு ராத்திரி பாத்திருக்கணும். பெட்டரியும் போச்சு. அலாரம் 20 மில்லிஅம்பியர் இழுத்தா ஒரு நாளைக்கு அரை அம்பியர் மணி. மூணு கிழமை கொழும்புல நின்னுட்டு வந்தா 10 போயிருக்கும். சின்ன கார் பெட்டரியில இருக்கிறதே 35, அதுவும் பழசு, குளிர் வேற. தள்ளித்தான் ஸ்டார்ட் பண்ணினோம்.

நோர்வூட் பக்கம்:
பண்டாரவளைத் தம்பி சொன்னது சரி, இடத்துலயே பாக்கணும். ரிமோட் வகைக்கும் அதுதான். ரெண்டாவது செட்ட வாங்க முதல், கடைக்காரர்கிட்ட கெஞ்சி ஒரு நாளைக்குக் கேட்டு வாங்கினேன். தனியா ஒரு 12 வோல்ட் பெட்டரியில கொடுத்து கார் சீட்டுல வச்சிட்டு, வீட்டு மூலை மூலையா நடந்து பாத்தேன். எடுக்காத இடத்துல ரிமோட்ட தாடையில ஒட்டி வச்சு அமத்தினா இன்னும் கொஞ்ச தூரம் போகும். சிரிக்காதீங்க, செஞ்சு பாருங்க. பக்கத்து வீட்டு ஆச்சி மட்டும் எனக்குப் பல்லு வலினு நினைச்சு கிராம்பு குடுத்து அனுப்பிச்சு.