இளைக்கப் போய் மாட்டிக்கொண்ட கதைகள்

ராத்திரி ஷிப்ட்

என் கதையை முதலில் கொட்டிவிடுகிறேன், பிறகு நீங்களும் சொல்லுங்கள்.

ஆரம்பத்தில் 92 கிலோ. அரிசி, கோதுமை, சர்க்கரை மூன்றையும் ஒரே நாளில் நிறுத்தினேன். ஏழாம் நாள் காலையில் எடை மிஷின் 89 காட்டியது. வீட்டில் எல்லோரையும் எழுப்பிக் காட்டினேன். தூக்கக் கலக்கத்தில் யாரும் ரசிக்கவில்லை. அதற்குப் பிறகு இரண்டு வாரம் அந்த எண் நகரவே இல்லை.

போனது பெரும்பாலும் தண்ணீர்தான் என்று பிற்பாடுதான் புரிந்தது. தசையிலும் ஈரலிலும் உடம்பு மாவுச்சத்தை கிளைகோஜனாகச் சேமித்து வைக்கிறது, 400, 500 கிராம் தேறும். ஒவ்வொரு கிராமும் மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். இருப்பு கரைந்தால் தண்ணீரும் கூடவே கிளம்பிவிடும். கணக்குப் போட்டுப் பார்த்தாலே தெரிந்திருக்கும். ஒரு கிலோ கொழுப்பு கரைய சுமார் 7,700 கலோரி பற்றாக்குறை வேண்டும். ஏழு நாளில் மூன்று கிலோ என்றால் நாளொன்றுக்கு 3,300. நான் பட்டினி கிடந்தாலும் அவ்வளவு வராது.

அந்த இரண்டு வாரக் கடுப்பில்தான் கொழுப்பைக் கரைக்கும் கேப்ஸ்யூல் வீட்டுக்குள் வந்தது. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. மூன்றாம் நாள் விடிகாலை, ஷிப்ட் நடுவில், நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருக்கிறேன், நெஞ்சு படபடவென்று அடிக்கிறது. கை வாட்ச்சில் 128. நேரே அவசரப் பிரிவுக்குப் போனேன். ஈசிஜி சரியாக இருந்தது. டூட்டி டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?" டப்பாவின் பின்பக்கத்தை அப்போதுதான் படித்தேன். இரண்டு கேப்ஸ்யூலில் 300 மில்லிகிராம் காஃபீன். போதாக்குறைக்கு ஷிப்டில் மூன்று காபி வேறு. ஆரோக்கியமான பெரியவருக்கே ஒரு நாளைக்கு 400 போதும் என்கிறார்கள், நான் அதை எப்போதோ தாண்டியிருந்தேன்.

கடைசியில் எனக்கு உதவியது ஒரு அளவுக் கரண்டி. வாணலியில் எண்ணெயைக் கண்ணளவில் ஊற்றுவதுதான் என் பழக்கம். ஒரு நாள் வழக்கம்போல் ஊற்றிவிட்டு, அதைத் திரும்ப வழித்து, கரண்டியால் அளந்தேன். நான்கு மேசைக்கரண்டி! ஒரு கரண்டிக்கு 120 கலோரி என்று வைத்தால் கிட்டத்தட்ட 480, அதுவும் நான் ஒருவன் சாப்பிடும் பொரியலுக்கு. இப்போது ஒன்றரைக் கரண்டி. ருசியில் பெரிய வித்தியாசம் இல்லை, சத்தியமாக. ஐந்து மாதத்தில் 83.

மூன்றாம் மாடி

தம்பி, உங்களுக்கு நெஞ்சு, எனக்கு முடி.

இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு ஏறிய 14 கிலோவை ஒரு கல்யாணத்துக்குள் குறைக்க வேண்டும் என்று வெறி. ஒரு நாளைக்கு 900 கலோரிதான், யாரையும் கேட்கவில்லை. பத்து வாரத்தில் 11 கிலோ குறைந்தது. எல்லோரும் பாராட்டினார்கள், போட்டோவும் நன்றாக வந்தது. அது முடிந்து ஒரு மாதம் கழித்துத் தலைக்குக் குளிக்கும்போது கை நிறைய முடி. தலையணையில் முடி, குழந்தையின் சட்டையில் முடி, குளியலறை வடிகால் அடைத்துக்கொண்டது.

ஒழுங்காகச் சாப்பிட ஆரம்பித்த பிறகு ஏன் கொட்டுகிறது என்றுதான் குழம்பினேன். தோல் டாக்டர் விளக்கினார். உடம்புக்குப் பெரிய அதிர்ச்சி வந்தால் ஏராளமான முடிகள் ஒரே நேரத்தில் வளர்வதை நிறுத்தி ஓய்வு நிலைக்குப் போய்விடுமாம். அவை உதிர்வது இரண்டு, மூன்று மாதம் கழித்துத்தான். நான் பார்த்தது பழைய பட்டினியின் பாக்கி. பொறுமையாக இருங்கள், புரதமும் இரும்புச்சத்தும் சரியாகப் போகட்டும், தானாக முளைக்கும் என்றார்.

பொறுமை நமக்கு ஏது? நானாகவே முடிக்கென்று பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை வாங்கினேன், 10 மில்லிகிராம். இதுதான் உண்மையான கூத்து. அடுத்த மாதம் வேறொரு காரணத்துக்காகத் தைராய்டு டெஸ்ட் எடுத்தார்கள். டிஎஸ்ஹெச் தரைமட்டம், டி4 உச்சம். தைராய்டு எக்கச்சக்கமாகச் சுரக்கிறது, ஸ்கேன் எடுக்கலாம் என்று பேச்சு வந்தது. எனக்கோ படபடப்பில்லை, வியர்வையில்லை, கை நடுக்கமும் இல்லை. இரண்டாவதாகப் பார்த்த டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "முடிக்கு ஏதாவது சாப்பிடறீங்களாம்மா?" என்றார். பல லேப்களில் அந்த டெஸ்டுக்கான வேதிமுறையிலேயே பயோட்டின் இருக்கிறதாம். ரத்தத்திலும் அது மிதந்தால் கணக்கு தலைகீழாகிவிடும். மாத்திரையை ஒரு வாரம் நிறுத்தி மறுபடி எடுத்தோம். எல்லாம் நார்மல். இல்லாத நோய்க்கு மருந்து சாப்பிட இருந்தேன்.

முடி எட்டு மாதத்தில் திரும்ப வந்துவிட்டது. நெற்றி ஓரத்தில் மட்டும் குட்டி முடிகள் எந்த எண்ணெய்க்கும் படியாமல் நிற்கின்றன.

பளு

அக்கா, அண்ணா, என் கதையும் லேப் ரிப்போர்ட்தான்.

ஜிம்முக்குப் போய் ஒண்ணரை வருஷம் ஆகுது. தசை பலத்துக்குன்னு தினம் 5 கிராம் கிரியேட்டின் பவுடர். முதல் வாரமே எடை ஒண்ணரை கிலோ ஏறிடுச்சு. தசைக்குள்ள தண்ணி சேர்றதுதான், பயப்படாதேன்னு மாஸ்டர் சொன்னார். சரின்னு விட்டுட்டேன். அப்புறம் வேலைக்காக மெடிக்கல் செக்கப். கிட்னி எப்படி வேலை செய்யுதுன்னு ரத்தத்துல பார்க்கற கிரியேட்டினின் 1.5, இருக்க வேண்டியதைவிட கூட. போன்ல ரிப்போர்ட் வந்தப்போ நான் பஸ்ல நின்னுட்டிருந்தேன். "கிட்னி" அப்படிங்கற வார்த்தையைத் தேட ஆரம்பிச்சு, இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி நாலு ஸ்டாப் போயிட்டேன்.

டாக்டர்கிட்ட போனா அவர் கூலா இருந்தார். கிரியேட்டின் உடம்புல உடைஞ்சா கிரியேட்டினினாத்தான் வெளியே போகும், தசை அதிகமா இருக்கறவங்களுக்கும் அந்த எண் கொஞ்சம் கூடவே இருக்கும்னார். போதாததுக்கு நான் முந்தின நாள்தான் கால் பயிற்சி போட்டு நொந்திருந்தேன். சிஸ்டாட்டின் சின்னு தனி டெஸ்ட் இருக்கு, அது தசையையும் கிரியேட்டினையும் நம்பி இல்ல. அதையும், யூரின்ல புரதம் போகுதான்னும் பார்த்தோம். ரெண்டும் சரியா இருந்துச்சு. ஏற்கெனவே கிட்னி பிரச்சினை இருந்தா மட்டும் இந்தப் பக்கமே வராதேன்னு கறாரா சொன்னார்.

புரோட்டீன் பவுடர் பத்தி நிறைய பேர் கேக்கறாங்க. என் அனுபவத்துல அது சாப்பாடு மாதிரிதான், மாயம் கிடையாது. முட்டை, பருப்பு, தயிர்லயே எடைக்கு ஏத்த புரதம் கிடைச்சா டப்பா தேவையே இல்ல. எனக்கு பால்ல இருந்து எடுக்கற வே கான்சென்ட்ரேட் பவுடர் குடிச்சா வயிறு உப்பிடும். பால்ல இருக்கற சர்க்கரை, லாக்டோஸ்தான் காரணம்னு தெரிஞ்சதும் அது குறைவா இருக்கற ஐசொலேட்டுக்கு மாறினேன், கூட உட்கார்ந்து வேலை பார்க்கறவங்களும் நன்றி சொன்னாங்க.

காலை நடை

எனக்கு வயது 61. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் பல வருடமாக மாத்திரை சாப்பிடுபவன். இளையவர்கள் டப்பாவால் மாட்டிக்கொண்டீர்கள், நான் டாக்டர் எழுதிய மாத்திரையிலேயே மாட்டினேன். தப்பு டாக்டருடையது அல்ல. நான்தான் அவரிடம் எதையும் சொல்லவில்லை.

மகள் கைக்கடிகாரம் வாங்கிக் கொடுத்துப் பத்தாயிரம் அடி நடக்கச் சொன்னாள். அந்தப் பத்தாயிரம் ஆராய்ச்சியில் பிறந்த எண்ணே அல்ல, 1965 வாக்கில் ஜப்பானில் விற்ற ஒரு அடிமானியின் பெயர் என்பது பின்னால்தான் தெரிந்தது. உலக சுகாதார நிறுவனம் 2020ல் சொன்னது வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பு, அதோடு இரண்டு நாளாவது தசைக்குப் பயிற்சி. அன்றைக்கு எனக்கு அதெல்லாம் தெரியாது. இரவுச் சாப்பாட்டைப் பாதியாக்கினேன், காலையில் வெறும் வயிற்றில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு நடந்தேன். 84 கிலோ 78 ஆனது, ஒரே பெருமிதம்.

ஒரு நாள் நடையின் பாதியில் சட்டை நனையும் அளவுக்கு வியர்த்தது. விரல்கள் நடுங்கின. எதிரே வந்த நண்பர் பேசுவது காதில் விழுகிறது, பொருள் பிடிபடவில்லை. அவரே ஒரு திண்டில் உட்கார வைத்து, சட்டைப் பையில் இருந்த சர்க்கரைப் பொட்டலங்களைப் பிரித்து என் வாயில் கொட்டினார். அவரும் சர்க்கரைக்காரர், விஷயம் தெரிந்தவர். கால் மணி நேரத்தில் தெளிந்தேன். நான் சாப்பிடுவது கிளிமெபிரைடு என்ற சர்க்கரை மாத்திரை. வயிற்றில் சாப்பாடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது இன்சுலினைச் சுரக்க வைக்கும். சாப்பாட்டைக் குறைத்தவன் மாத்திரையைக் குறைக்காமல் விட்டால் இப்படித்தான் ஆகும். பிரஷர் மாத்திரையும் அதே கதை. படுக்கையிலிருந்து எழுந்தால் தலை சுற்றியதை வயசுக் கோளாறு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். டாக்டர் இரண்டையும் குறைத்தார், கூடவே நன்றாகத் திட்டினார்.

இப்போது நடையோடு நாற்காலிப் பயிற்சியும் உண்டு. கையை ஊன்றாமல் உட்கார்ந்து எழ வேண்டும், அவ்வளவுதான். முதல் நாள் நான்காவது தடவையில் தொடை உதறியது. இன்றைக்குப் பதினான்கு. முழங்கால் வலி குறைந்ததற்கு நடையைவிட இதுதான் காரணம் என்பது என் கட்சி.

ராத்திரி ஷிப்ட்

ஐயா, அந்த நண்பருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

அக்கா, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு எழுந்துபோய் அலமாரியைத் திறந்தேன். கேப்ஸ்யூலைத்தான் தூக்கிப் போட்டேன், மல்டிவைட்டமின் டப்பா அப்படியே இருக்கிறது. எழுத்து எறும்பளவு. போனில் போட்டோ எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தால், கடைசிக்கு முந்தைய வரியில் பயோட்டின், 5,000 மைக்ரோகிராம். நாளை மறுநாள் காலை எனக்குத் தைராய்டு டெஸ்ட். லேபுக்கு போன் போட்டேன், லைனிலேயே காத்திருக்கச் சொல்லியிருக்கிறார்கள்.